முதல் இருபது நிமிடம்

(நாட்றம்பள்ளியில் பழைய கார் வைத்திருப்போரும் பட்டறைக்காரர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

நாட்றம்பள்ளிப் பெரியோர்களே, தாய்மார்களே, வாணியம்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை, பர்கூர்ப் பக்கமிருந்து வந்திருக்கும் பட்டறைத் தோழர்களே, தோல் ஷாப்பில் ஷிஃப்ட் முடித்துக் கை கழுவிய ஈரத்தோடு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே!

வாசலில் வரிசையாக நிற்கும் கார்களைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். நான்கு அம்பாசிடர், மூன்று பத்மினி, நம் சென்னையிலேயே பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று. தாத்தா கைபட்ட ஸ்டீயரிங்கைப் பேரன் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். அந்தக் காட்சிக்காகவே இந்தக் கூட்டத்துக்கு எத்தனை தூரம் வேண்டுமானாலும் வரலாம்.

ஆனால் நான் பேச வந்தது ஒரு வருத்தத்தைப் பற்றி. "புதுசாத்தான் போட்டேன் சார், ஆறு மாசம்கூட ஓடல, போயிடுச்சு." இந்தப் பேச்சைக் கேட்காமல் இந்த நெடுஞ்சாலையோரம் எந்தப் பட்டறையை விட்டும் நான் வெளியே வந்ததில்லை. கேம் ஷாஃப்ட் மாற்றினேன், தேய்ந்துவிட்டது. ரிங் மாற்றினேன், மறுபடியும் ஆயில் குடிக்கிறது. பேரிங் மாற்றினேன், மறுபடியும் தட்டுகிறது. அப்பா காலத்தில் போட்ட சாமான் இருபது வருஷம் உழைத்தது, நான் போட்ட சாமான் இரண்டு தீபாவளி பார்க்கவில்லை. ஏன்? பழையது உழைத்த இடத்தில் புதியது ஏன் உழைக்கவில்லை? இதுதான் இன்றைய பேச்சு.

இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஒரே வார்த்தையில் பதில் இருக்கிறது: டூப்ளிகேட். அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நான் மறுக்கப்போவதில்லை. மீதிப் பாதியைத்தான் உங்கள் முன் வைக்கப்போகிறேன். ஏனென்றால் அந்த மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது.

என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். அப்பா வாங்கியது 1971-ஆம் ஆண்டு அம்பாசிடர், மார்க் 2. அதன் கேம் ஷாஃப்ட் நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்துத்தான் ஓய்ந்தது. புதுசு ஒன்று வாங்கினேன். கூடவே எட்டு டாப்பெட்டும் புதுசு. இன்ஜினைக் கட்டி முடித்த அன்று மாலை போட்டோம், தேங்காய் உடைத்தோம். நாலு மாதம் போயிற்று. மூவாயிரம் கிலோமீட்டர்கூட முழுசாக ஓடவில்லை. ஒரு டாப்பெட் சத்தம் போட ஆரம்பித்தது. கேப் வைத்தோம், நின்றது. பத்து நாளில் மறுபடி வந்தது. மறுபடி கேப் வைத்தோம், மறுபடி வந்தது. கடைசியில் பக்கவாட்டு மூடியைக் கழற்றி அந்த டாப்பெட்டை வெளியே எடுத்தேன். அதன் முகம் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. கேமின் மூக்கு மழுங்கிப் போயிருந்தது.

கடைக்காரரிடம் கோபமாகப் போனேன். அவர் பேசாமல் வேறொன்று எடுத்துக் கொடுத்தார். அதையும் போட்டோம். அதுவும் அதே கதி.

முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை வேறொரு கேள்வி வந்தது. இரண்டு கேம் ஷாஃப்டும் வேறு வேறு பெட்டியில் வந்தவை. இரண்டுக்கும் பொதுவானது என்ன? பொதுவானவன் நான். பொதுவானது நாங்கள் இன்ஜினைக் கட்டிய விதம். பொதுவானது கட்டி முடித்ததும் நாங்கள் செய்த முதல் காரியம்.

என்ன செய்தோம் தெரியுமா? இங்கே இருக்கிற எல்லாப் பட்டறையிலும் செய்வதைத்தான் செய்தோம். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கில் வைத்து, "செட் ஆகட்டும்" என்று காலையிலிருந்து மதியம் வரை ஓடவிட்டோம். அது மெதுவாக, பதமாக, குழந்தை மூச்சு விடுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தோம். அந்த நேரம் முழுக்க அந்தக் கேம் ஷாஃப்ட் செத்துக்கொண்டிருந்தது.

நெஞ்சறிந்து சொல்கிறேன், நண்பர்களே. நம் பழைய இன்ஜின்களில் புதுக் கேமுக்கு ஐடிலிங்கைப் போல எதிரி வேறில்லை.

ஏன் என்று கேளுங்கள். இந்த அரங்கில் சைக்கிள் மிதிக்காதவர் யாரும் இருக்க முடியாது. மழை பெய்த ரோட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் சட்டையில் ஒரு பொட்டுத் தண்ணீர் படாது. அதே ரோட்டில் ஏறி மிதித்தால்? முதுகெல்லாம் சேறு! கேம் ஷாஃப்டின் கதையும் அதுதான். பேரிங்குகளுக்கு ஆயில் பம்ப் அழுத்தத்தோடு ஆயிலைக் கொண்டுபோய் ஊட்டுகிறது. கேமின் மூக்கும் டாப்பெட்டின் முகமும் உரசுகிற இடத்துக்கு அப்படி ஒரு தனிக் குழாய் கிடையாது. கீழே கிராங்க் சுழலும்போது பேரிங் ஓரத்திலிருந்து வெளியே வருகிற ஆயிலை விசிறி அடிக்கிறதே, அந்தத் தெறிப்புத்தான் அதற்குச் சோறு. கிராங்க் வேகமாகச் சுழன்றால் தெறிப்பு நிறைய. மெதுவாகச் சுழன்றால் தெறிப்புக் குறைவு. ஐடிலிங்கில் அது பட்டினி.

பட்டினி மட்டுமா? சுமையும் அப்போதுதான் அதிகம். வேகமாக ஓடும் இன்ஜினில், டாப்பெட் உச்சியில் ஏறித் திரும்பும் நொடியில், மேலே போன வேகமே ஸ்ப்ரிங்கின் அழுத்தத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. மெதுவாக ஓடும்போது அந்த உதவி இல்லை. ஸ்ப்ரிங்கின் முழு அழுத்தமும் கேமின் மூக்கில், கோடு போல மெல்லிய ஓர் இடத்தில் இறங்குகிறது. ஆக, சாப்பாடு குறைவு, சுமை அதிகம். பிறந்த குழந்தையை அப்படி வைப்போமா?

கேம் ஷாஃப்ட், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. 600 ஆர்.பி.எம். ஐடிலிங்கில் ஐந்து மணி நேரம் விட்டால் கேம் 90,000 தடவை சுற்றும். அத்தனை சுற்றும் அரைப்பட்டினிச் சுற்று. இதையே ஸ்டார்ட் ஆன நொடியிலேயே 2000 ஆர்.பி.எம். பக்கம் கொண்டுபோய் இருபது நிமிடம் வைத்தால்? 20,000 சுற்று. ஆயிலில் குளித்துக்கொண்டு சுற்றும் சுற்று. அந்த இருபது நிமிடத்தில் கேமும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று முகம் பழகி, மேடு பள்ளம் சமமாகி, தோல் இறுகிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு நீங்கள் சிக்னலில் நிற்கலாம், ஐடிலிங்கில் விடலாம், ஊர்கோலத்தில் மெதுவாக நகர்த்தலாம். அந்த முதல் இருபது நிமிடம் மட்டும் தவறக் கூடாது.

தோல் ஷாப்புத் தம்பிகளுக்கு இது புதிய செய்தியே இல்லை. டிரம்மில் குரோம் விட்ட பிறகு முதல் சில மணி நேரம் என்ன செய்கிறீர்கள்? அவசரப்பட்டுச் சோடாவைக் கொட்டுகிறீர்களா? கொட்டினால் என்ன ஆகும்? குரோம் தோலின் மேலேயே பிடித்துக்கொள்ளும், நடுவுக்கு இறங்காது. அப்புறம் அந்தத் தோலுக்கு எத்தனை கலர் அடித்தாலும், எத்தனை பாலிஷ் போட்டாலும் அது நல்ல தோல் ஆகாது. ஆரம்பத்தில் கெட்டது கடைசி வரை கெட்டதுதான். இரும்பிலும் அதுவே நடக்கிறது.

சரி, ஸ்டார்ட் ஆன நொடியிலேயே 2000 ஆர்.பி.எம். வேண்டும் என்றால் என்ன பொருள்? அந்த நொடிக்கு முன்னால் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அரை மணி நேரம் செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தால் கேமில் தடவிய பேஸ்ட் எல்லாம் வழிந்துவிடும். கட்டும்போதே ஒவ்வொரு மூக்கிலும் ஒவ்வொரு டாப்பெட் முகத்திலும் கரிய மாலிப்டினம் பேஸ்டைத் தடவுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றி, ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பியிருக்கட்டும். டைமிங் சரியாக இருக்கட்டும். ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கட்டும். பிறகு சாவியைத் திருப்புங்கள், முதல் தடவையிலேயே பிடிக்க வேண்டும். ஏதாவது கசிகிறதா, எங்காவது தட்டுகிறதா, உடனே அணைத்துவிடுங்கள். ஐடிலிங்கில் வைத்துக்கொண்டு ஸ்பேனரைத் தேட வேண்டாம். அணைத்து, சரி செய்து, மறுபடி 2000. இருபது நிமிடம் முடிந்ததும் அந்த ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். அதில் கலந்திருக்கும் இரும்புப் பொடியைப் பார்த்தால் நான் சொல்லாமலே உங்களுக்குப் புரியும்.

இப்போது இரண்டாவது குற்றவாளிக்கு வருகிறேன். இது அன்பினால் வருகிற குற்றம். "என் காருக்கு விலை உயர்ந்த ஆயில்தான் ஊற்றுவேன்" என்கிறோம். என்னிடம் நான்கு பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாவது ஆள் நான். 5டபிள்யூ-30, முழு சிந்தெடிக், நேற்று ஷோரூமை விட்டு வந்த காருக்கு ஊற்றுவது. அதைக் கொண்டுவந்து 1971 மாடலில் ஊற்றினேன்.

ஆயிலுக்குள் 1940-களிலிருந்து ஒரு காவலாளி உண்டு. துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மம். கடைகளில் சுருக்கமாக 'ஜிங்க்' என்கிறார்கள். ஆயில் படலம் கிழிந்து இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளும் அந்த நொடியில், அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் இந்தச் சேர்மம் சிதைந்து, இரும்பின் மேல் கண்ணாடி போல மெல்லிய படலமாகப் படிகிறது. தேய்மானத்தை அது ஏற்றுக்கொள்ளும், இரும்பு பிழைத்துக்கொள்ளும். பழைய கேமைக் காத்தது அதுதான்.

பிறகு என்ன ஆயிற்று? கார்களின் சைலன்ஸர் குழாயில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்தது. பாஸ்பரஸ் அதற்கு விஷம். புகையைச் சுத்தம் செய்வதற்காக ஆயிலில் பாஸ்பரஸைக் குறைத்தார்கள். ஏ.பி.ஐ. தரத்தில் 'எஸ்.எச்.' காலத்தில் 0.12 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்தது. 'எஸ்.ஜே.' வந்தபோது 0.10 ஆயிற்று. 2004-இல் 'எஸ்.எம்.' வந்தபோது 0.08 ஆயிற்று. புதிய கார்களுக்கு அதனால் குறையொன்றுமில்லை, அவற்றில் பலவற்றில் டாப்பெட்டுக்குப் பதில் உருளும் ரோலர் வந்துவிட்டது. உரசி ஓடும் நம் பழைய டாப்பெட்தான் காவலாளி இல்லாமல் நிற்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், பட்டறைத் தோழர்களே. இந்தக் கட்டுப்பாடு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்குத்தான். 20டபிள்யூ-50 என்ற நம் பழைய கெட்டி ஆயிலுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. விலையிலும் அது பாதிக்கும் குறைவு! அதிகக் காசு கொடுத்துக் குறைந்த காவலை வாங்கினோம். டின்னின் முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்போது டூப்ளிகேட் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பாதி உண்மையை மறுக்கமாட்டேன் என்று சொன்னேன் அல்லவா?

நம் அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜின், இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் குடும்பம். அந்தக் குடும்பத்தின் மூத்தவரை நம் தமிழ்நாடு முன்பே பார்த்துவிட்டது. 1949-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டத் தொடங்கியதே, அந்த 1200 சி.சி. இன்ஜினிலிருந்து வளர்ந்ததுதான் இது. இதே குடும்பத்தின் 1798 சி.சி. தம்பிதான் எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் 1962 முதல் 1980 வரை ஓடினான். இங்கிலாந்தில் எம்.ஜி.பி. வைத்திருப்பவர்களும் நாம் புலம்புவதையேதான் புலம்புகிறார்கள்: புது டாப்பெட், சில ஆயிரம் மைலில் குழி. ஆகவே இது நாட்றம்பள்ளியின் தலையெழுத்து அல்ல. கார் செய்வது நின்று போன எல்லா ஊரிலும் இதே கதைதான்.

கார் செய்வது நின்றால் என்ன ஆகிறது? பத்மினி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றது. அம்பாசிடர் 2014 மே மாதம் உத்தர்பாராவில் நின்றது. கம்பெனி ஓடும்போது கேம் ஷாஃப்ட் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படும். வார்ப்பைச் சோதிப்பார்கள், கடினம் அளப்பார்கள், சரியில்லாததைத் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்ப ஓர் ஆள் இருந்தான். இன்றைக்கு அந்த ஆள் யார்? 2017-இல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் பிரான்ஸ் நாட்டு பெஷோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு அத்தனை மதிப்பு இருந்தது. அந்தப் பெயர் சுமந்து ஓடிய காருக்கு நல்ல டாப்பெட் செய்து தர ஒரு பொறுப்பான கை இல்லாமல் போனதே என்பதுதான் என் வேதனை.

ஆகவே அந்தச் சோதிக்கிற ஆள் இனி நாம்தான். நாமேதான்! புதுப்பேட்டையில் வாங்கினாலும் சரி, பெங்களூர் ஜே.சி. ரோட்டில் வாங்கினாலும் சரி, சோதிக்காமல் பூட்டக் கூடாது.

எப்படிச் சோதிப்பது? மறுபடியும் தோல் ஷாப்புக்கே போகிறேன். வெட்-ப்ளூ தோல் டிரம்மை விட்டு இறங்கியதும் அதன் நிறத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறீர்களா? ஒரு துண்டு வெட்டுகிறீர்கள். காகிதத்தில் வைத்து ஓரத்தை வரைந்துகொள்கிறீர்கள். கொதிக்கிற தண்ணீரில் போடுகிறீர்கள். எடுத்து, வரைந்த கோட்டோடு வைத்துப் பார்க்கிறீர்கள். சுருங்கினால் உள்ளே பதம் இல்லை. வெட்டிய ஓரத்தைப் பார்த்து நடு வரை நீலம் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்கிறீர்கள். எத்தனை நேர்மையான சோதனை! இருநூறு ரூபாய்த் தோலுக்குச் செய்கிற இந்தச் சோதனையை, பல ஆயிரம் ரூபாய்க் கேம் ஷாஃப்டுக்கு நாம் ஏன் செய்வதில்லை?

இதோ என் கையில் இரண்டு டாப்பெட் இருக்கின்றன. இரண்டும் புதுசு. பார்த்தால் முகம் தட்டையாகத் தெரியும். உண்மையில் தட்டை இல்லை, தட்டையாக இருக்கவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவு நடுவில் மேடாக இருக்க வேண்டும். கேமின் மூக்கும் ஒரு பக்கமாகத் துளி சாய்ந்திருக்கும். இந்த மேடும் அந்தச் சாய்வும் சேர்ந்துதான் டாப்பெட்டைத் தன்னைத்தானே சுற்ற வைக்கின்றன. சுற்றிக்கொண்டே இருந்தால் தேய்மானம் முகம் முழுக்கப் பரவும். சுற்றாமல் நின்றுவிட்டால் ஒரே இடத்தில் கோடு விழும், கோடு பள்ளமாகும், பள்ளம் கேமைத் தின்னும். இரண்டு டாப்பெட்டையும் முகத்தோடு முகம் ஒட்டி விளக்குக்கு எதிரே பிடியுங்கள். லேசாக ஆட வேண்டும், ஓரத்தில் மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும். அசையாமல் ஒட்டிக்கொண்டால் அவை தட்டை. கடைக்காரரிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதற்கு என்ன கருவி வேண்டும்? இரண்டு கையும் ஒரு விளக்கும் போதும்.

கடினத்துக்குக் கருவி வேண்டும்தான். ராக்வெல் சோதனைக் கருவி இருக்கும் ஒரு டூல் ரூமிலோ பாலிடெக்னிக்கிலோ கேட்டு வாங்கிச் சோதியுங்கள். கேமின் மூக்கு ராக்வெல் 'சி' அளவில் 50-ஐ ஒட்டி இருக்க வேண்டும், டாப்பெட் அதற்குச் சற்று மேலே. பழைய கேமை ரீகிரைண்ட் செய்து வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். கடினம் மேல்தோலில்தான் இருக்கிறது. அரைத்து அரைத்து அந்தத் தோலைத் தாண்டிவிட்டால் உள்ளே இருப்பது மெத்தென்ற இரும்பு.

புதுக் கேம் மங்கலான கறுப்பு நிறத்தில் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். அது பாஸ்பேட் பூச்சு. ஆயிலைப் பிடித்து வைக்கும் பஞ்சு அது. ஒரு பட்டறையில் ஒரு பையன் எமரி பேப்பர் வைத்து அதைத் தேய்த்துக் கண்ணாடிபோலப் பளபளக்கச் செய்து, "பாருங்க சார்" என்று ஆசையாக நீட்டினான். அவன் கையின் உழைப்பைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. இன்று இதைச் சொல்லிவிட்டேன். இனிமேல் தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாது. புதுக் கேமோடு பழைய டாப்பெட்டைச் சேர்ப்பதும் கூடாது. ஒன்றோடு பழகிய முகம் இன்னொன்றோடு பொருந்தாது.

ரிங்குக்கு வருவோம். ஐடிலிங் அங்கேயும் கெடுதல் செய்கிறது. ரிங்கை போரின் சுவரோடு அழுத்திப் பிடிப்பது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. ஐடிலிங்கில் அந்த வாயுவுக்கு ஏது பலம்? ரிங் சுவரில் பதியாமல் வெறுமனே தடவிக்கொண்டே இருக்கிறது. ஹோனிங் செய்த குறுக்குக் கோடுகள் வேலைக்கு வருமுன்பே மழுங்கி, மேலே ஆயில் வார்னிஷ்போலப் படிந்து, போர் கண்ணாடியாகிவிடுகிறது. அப்புறம் நீலப் புகை. "ரிங் டூப்ளிகேட்" என்கிறோம். முதல் 500 கிலோமீட்டர் இந்த நெடுஞ்சாலையிலேயே ஓட்டுங்கள். கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுப்பது, கொஞ்சம் காலை எடுப்பது, மறுபடி கொடுப்பது. ஏலகிரிக்குக் குடும்பத்தோடு போவதாக இருந்தால் அந்த 14 கொண்டை ஊசி வளைவிலும் டாப் கியரில் முக்கவைக்காதீர்கள், கியரை இறக்குங்கள்.

போர் கழுவுவதில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. ஹோனிங் முடிந்ததும் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ விட்டுத் துடைத்துவிட்டுப் பிஸ்டனைப் போட்டுவிடுகிறோம். கல்லின் பொடி அந்தக் கோடுகளுக்குள் அப்படியே இருக்கிறது. அது என்ன செய்யும்? புது ரிங்கை அரைக்கும், ஆயிலில் இறங்கிப் பேரிங்கை அரைக்கும். சோப்பும் வெந்நீரும் பிரஷும்தான் அதை வெளியே எடுக்கும். கழுவிய பிறகு வெள்ளை வேட்டித் துணியால் போரைத் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை மறுபடி கழுவுங்கள். அப்புறம் உடனே ஆயில் தடவுங்கள், இல்லாவிட்டால் துருப் பிடிக்கும்.

பொடி என்றதும் நம் ஊர்த் தூசி ஞாபகம் வருகிறது. கோடையில் இந்தச் சாலையில் போனால் புருவம் வெளுத்துவிடும். தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. ஏர் ஃபில்டர் மூடிக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே ஒரு வாஷர் இல்லாவிட்டால் போதும், ரீ-போர் செய்த இன்ஜின் ஒரே கோடையில் கிழமாகும். பல லட்சம் மணல் அரம் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்" என்று கழற்றித் தூக்கிப் போடும் வழக்கம் இருக்கிறது. வெளியே வெயில் இருக்கலாம். இன்ஜின் உள்ளே சூடு ஏற நேரம் பிடிக்கிறது. குளிர்ந்த சுவரில் பெட்ரோல் ஈரமாகவே ஒட்டி ஆயிலைக் கழுவிவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. சூடான இன்ஜினில் அது ஆவியாகி வெளியே போய்விடும். ஆறிய இன்ஜினில் ஒரு பங்கு சம்ப்பில் இறங்கி ஆயிலோடு கலக்கும், அமிலமாகும், அரிக்கும். வருஷத்துக்கு ஒரு முறை ஆயுத பூஜையன்று ஸ்டார்ட் செய்து, எலுமிச்சம் பழம் நசுக்கி, ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடுகிறோமே, அந்தக் கார்களுக்கு நேர்வது இதுதான். ஓடாத காரும் தேய்கிறது, ஐயா! 2021-இல் மத்திய அரசு ஐம்பது வயது தாண்டிய கார்களுக்கு விண்டேஜ் பதிவு கொண்டுவந்தது. அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. சரி, பராமரிப்புக்காக ஓட்டலாம் அல்லவா? ஓட்டும் நாளில் அரை மணி நேரம், உடம்பு நன்றாகக் காயும் வரை ஓட்டுங்கள்.

பெட்ரோல் மாறியதையும் விட்டுவிட முடியாது. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களிலும், 2000 பிப்ரவரியில் நாடு முழுவதிலும் காரீயம் இல்லாத பெட்ரோல் வந்தது. நம் பிள்ளைகளின் ரத்தத்துக்கு அது நல்லது, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அம்பாசிடர் ஹெட்டில் எக்சாஸ்ட் வால்வு உட்காரும் இடம் வெறும் வார்ப்பிரும்பு. காரீயம் அங்கே மெத்தையாக இருந்தது. மெத்தை போனதும் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகப் புதைகிறது. அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: டாப்பெட் கேப் தானாகக் குறையும், சத்தம் அடங்கும். சத்தம் அடங்கினால் நாம் மகிழ்கிறோம். ஒருநாள் கேப் முழுசாக மறைந்து, வால்வு மூடாமல் எரிந்துவிடும். "புது வால்வு போட்டேன், எரிந்துவிட்டது" என்று கடைக்காரரைத் திட்டுவோம். கடின சீட் வளையம் பதித்திருந்தால் அந்த வால்வு பிழைத்திருக்கும்.

2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்டு, இப்போது எல்லா பங்க்கிலும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான். பத்மினிக்காரர்கள் கவனியுங்கள். உங்கள் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள் இருக்கும் பழைய ரப்பர் டயாஃபிரம் எத்தனாலுக்குப் பழக்கப்பட்டதல்ல. அது கிழிந்தால் பெட்ரோல் வெளியே மட்டும் ஒழுகாது, உள்ளே சம்ப்பிலும் இறங்கும். ஆயில் தண்ணீராகும். புதுப் பேரிங் ஒரு வாரம் தாங்காது. டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கும்போது அளவு ஏறியிருந்தால், "ஆயில் குறையவே இல்லை" என்று சந்தோஷப்படாதீர்கள். மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் தொடாதீர்கள்.

என் அம்பாசிடருக்கு மூன்றாவது கேம் ஷாஃப்ட் பூட்டியாகிவிட்டது. டாப்பெட் எட்டையும் விளக்கில் பார்த்தேன். இரண்டைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். மூக்குகளின் கடினம் அளந்தாயிற்று. போரைத் துடைத்த துணி வெள்ளையாக வந்தது. 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றியிருக்கிறேன். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.

நாளைக் காலை ஏழு மணிக்கு, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பட்டறையில் ஸ்டார்ட் செய்யப்போகிறோம். அந்தப் பட்டறை பாய் மூன்று நாளாக அதைத் தவிர வேறு வேலை பார்க்கவில்லை. எமரி பேப்பர் வைத்துத் தேய்த்தானே, அந்தப் பையனிடம்தான் சாவியைக் கொடுக்கப்போகிறேன். வர விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். மாலையும் தேங்காயும் வேண்டாம், அவற்றை இருபது நிமிடம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு கைக்கடிகாரம் மட்டும் கொண்டுவாருங்கள்.

இந்த இரண்டு டாப்பெட்டையும் முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். ஒவ்வொருவரும் முகத்தோடு முகம் வைத்து அந்த டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிகிறதா என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிட்டுக் கை மாற்றுங்கள்.